பனிக்கட்டிக்கு அடியில் வெளிச்சம்: கண்காட்சி மாதிரியை எப்படிச் செய்வது?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். உருகும் கடல் பனிக்கட்டிக்கு அடியில் சூரிய ஒளி எப்படிப் போகிறது என்று காட்ட எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதிரி செய்கிறார்கள். ஃபிரிட்ஜில் உறையவைத்த ஐஸ் பாளங்களைக் கண்ணாடித் தொட்டியில் அடுக்கி, மேலிருந்து டார்ச் அடித்தோம். ஒரு பாளம் வைத்தாலும் மூன்று வைத்தாலும் வெளிச்சம் அடிவரை போய்விடுகிறது. ஆனால் ஆர்க்டிக்கில் பனிக்கட்டிக்குக் கீழே இருட்டு என்கிறார்களே? சார்ட்டில் "கடல் பனி உருகினால் நாகைக் கடற்கரை மூழ்கும்" என்றும் எழுதியிருக்கிறோம். சரிதானா?

பதில்: பிள்ளைகள் பார்த்ததில் பிழை இல்லை டீச்சர். தெளிந்த பனிக்கட்டி ஒளியை அவ்வளவாக விழுங்காது. கனத்தைக் கூட்டிக்கொண்டே போனதால்தான் வித்தியாசம் தெரியவில்லை. கடல் பனிக்கட்டியில் ஒளியின் கதி பெரும்பாலும் மேல்பரப்பிலேயே முடிவாகிவிடுகிறது. பனிக்கட்டி எத்தனை அடி கனம் என்பதைவிட, அதன் மேலே என்ன கிடக்கிறது என்பதே முக்கியம். மாதிரியில் மாற்ற வேண்டியதும் அதைத்தான்.

மேலே புது வெண்பனி படிந்திருந்தால் விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதம் வானத்துக்கே திரும்பிவிடும். வெண்பனி கரைந்து வெற்றுப் பனிக்கட்டி தெரியும்போது திரும்புவது 50 முதல் 70 சதவீதம். அதன்மேல் உருகிய நீர் குட்டையாகத் தேங்கினால் 20 முதல் 40 வரைதான். திறந்த கடலோ ஏழு சதவீதத்தைக்கூடத் திருப்புவதில்லை. 2011 கோடையில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலில் சென்றவர்கள், பனிக்கட்டிக்கு அடியில் நீந்தும் கருவியை அனுப்பி அளந்தார்கள். முந்தைய குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியில், குட்டை இல்லாத இடத்தில் சுமார் 4 சதவீத ஒளி கடலுக்குள் இறங்கியது. குட்டைக்கு அடியில் சுமார் 22 சதவீதம்! கனம் அதிகம் மாறாமலே ஐந்து மடங்கு வித்தியாசம்.

இதற்குக் காரணம் காற்று. வெண்பனி என்பது பனித்துகளும் காற்றும் கலந்த குவியல். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். அது பனிக்கட்டிக்கு 1.31, காற்றுக்கு 1.00. ஒளி ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் திசை மாறி, பலமுறை சிதறி, கடைசியில் வந்த வழியே வெளியேறிவிடுகிறது. வெண்மை என்று நாம் பார்ப்பது அந்தச் சிதறலைத்தான். அந்த இடைவெளியில் நீர் புகுந்தால் கதை மாறுகிறது. நீரின் எண் 1.33, கிட்டத்தட்ட பனிக்கட்டிக்குச் சமம். திசை மாற விளிம்பே இல்லாததுபோல் ஒளி நேராக இறங்கிவிடும்.

இதை மாதிரியில் காட்டுவது மிகச் சுலபம், பார்ப்பவர்களுக்கு மறக்கவும் மறக்காது. மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் தூள் ஐஸை ஒரு தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். இருட்டாக்கிய வகுப்பறையில் மேலே ஒரு எல்.இ.டி பல்பைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒளியை அளக்கும் செயலி போட்ட ஆண்ட்ராய்டு போனை டப்பாவுக்கு அடியில் மல்லாக்க வையுங்கள். போனின் உணரி முன் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும், அந்த இடம் டப்பாவுக்கு நேர் கீழே வரட்டும். முதலில் காலி டப்பா, அடுத்து தூள் ஐஸ், பிறகு அதே ஐஸ் மூழ்கும் அளவுக்கு மெதுவாக ஊற்றிய ஐஸ் தண்ணீர். மூன்றுக்கும் அளவு எடுங்கள். தண்ணீர் ஏறஏற வெள்ளைக் குவியல் சாம்பல் நிறமாகிக் கண்ணாடிபோல் தெளிவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். சாதாரணத் தண்ணீர் வேண்டாம், ஐஸ் கரைந்துவிடும். டப்பாவின் அடியில் வியர்க்கும் நீரை ஒவ்வொரு முறையும் துடையுங்கள், அதுவும் ஒளியைச் சிதறடிக்கும். போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை அவசியம்.

பாளமும் கடலில் உறைவதுபோல் இருக்க வேண்டுமென்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு போடுங்கள். வேதாரண்யம் கல்லுப்பே போதும். பாத்திரத்தின் பக்கமும் அடியும் தெர்மாகோல் சுற்றி, வாயை மட்டும் திறந்து ஃப்ரீசரில் வைத்தால் கடலைப் போலவே மேலிருந்து கீழாக உறையும். நான்கு விரல் கனம் சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள். உப்புநீர்த் துளிகளும் குமிழிகளும் மாட்டிக்கொண்ட, பால் வெள்ளையான, கொஞ்சம் மிருதுவான பாளம் கிடைக்கும். உங்கள் பழைய பாளத்தையும் இதையும் பக்கத்தில் வைத்து அளந்தாலே உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

குட்டை எங்கே தேங்கும் என்பது டெல்டாக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பரம்படித்துச் சமன்செய்த வயலில் ஒரு மடை திறந்தால் நீர் பரவலாக நிற்கும், மேடுபள்ளமான வயலில் பள்ளத்தில் மட்டும் நிற்கும். ஒரே குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டி சமமானது. பல ஆண்டு பழையது முகடு முகடாக இருக்கும். 1985 மார்ச்சில் ஆர்க்டிக் கடல் பனிக்கட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 2019 மார்ச்சில் அது நூற்றில் ஒன்று அளவுக்கு வந்துவிட்டது. பழையது போய் இளசு பெருகும்போது குட்டைகளின் பரப்பு கூடுகிறது, அடியில் வெளிச்சமும் கூடுகிறது.

காலமும் இதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. மேட்டூர் அணை திறக்கும் நாளாக நாம் எண்ணும் ஜூன் 12-ஐ ஒட்டிய வாரங்களில்தான் அங்கே குட்டைகள் பெருகுகின்றன. ஜூன் 21 அன்று 24 மணி நேரமும் சூரியன் மறைவதில்லை. வளிமண்டலத்துக்கு மேலே கணக்கிட்டால் அன்றைக்குத் தஞ்சாவூரைவிட வட துருவத்துக்குத்தான் சூரிய ஆற்றல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

அந்த ஒளி என்ன செய்யும் என்பதற்கும் நேரடிச் சான்று உண்டு. 2011 ஜூலையில் ஹீலி என்ற அமெரிக்கப் பனி உடைக்கும் கப்பல் அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் வடக்கே உள்ள சுக்சி கடலில் போனபோது, 0.8 முதல் 1.3 மீட்டர் கனமுள்ள பனிக்கட்டிக்கு அடியில் மிதவைப் பாசிகள் 100 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பெருகிக் கிடந்ததைக் கண்டார்கள். மேலே மூடியிருப்பதால் செயற்கைக்கோளுக்கு அது தெரியாது. அங்கத்திய மீனுக்கும் திமிங்கிலத்துக்கும் உணவுச் சங்கிலி தொடங்குவது பாசியில்தான். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. சார்ட்டில் பெரிய இடம் கொடுங்கள்.

சார்ட் வரியை மட்டும் அடித்துவிடுங்கள். மிதக்கும் பனிக்கட்டி உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய மாறாது. தன் எடைக்குச் சமமான நீரை அது ஏற்கெனவே விலக்கி வைத்திருக்கிறது. நாகையில் நாம் அஞ்ச வேண்டியது கிரீன்லாந்து, அன்டார்க்டிகா நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகுவதையும், கடல்நீர் சூடாகி விரிவதையும்தான். கடல் பனிக்கட்டி குறைந்தால் கடல் வெயிலை அதிகம் வாங்கிச் சூடாகும் என்பது உண்மை. அதை அப்படியே எழுதுங்கள்.

அளவுகளை முந்தின நாளே பள்ளியில் எடுத்து அட்டவணையாக ஒட்டிவிடுங்கள். கண்காட்சிக் கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் எண்ணைக் கெடுக்கும். நடுவர்கள் வரும்போது தூள் ஐஸில் தண்ணீர் ஊற்றும் சோதனை ஒன்று போதும். ஐஸை மூடிய தெர்மாகோல் பெட்டியில் வைத்திருந்து, அவர்கள் பக்கத்து மேசைக்கு வந்ததும் எடுக்கச் சொல்லுங்கள்.