ஒரே பாத்திரம், ஒரே ஒரு மணி நேரம், ஆனா மிச்சம் நிக்கற அளவு மட்டும் ஏன் மாறுது?

வீட்ல பீர் காய்ச்சறவங்ககிட்ட இருந்து இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல பாய்ல்-ஆஃப் பத்தித்தான், அதாவது கொதிக்கும்போது எவ்வளவு ஆவியா போகுதுங்கறது, அதான் எல்லாத்துக்கும் சேர்த்தே சொல்லிடறேன்.

நியூ ஜெர்சில இருந்து: அக்டோபர்ல 27 லிட்டர் வோர்ட் (பீராகப் போற மால்ட் சாறு) வெச்சு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன், 23 நின்னுது. ஜனவரில அதே பாத்திரம், அதே புரோபேன் பர்னர், 24.5 நிக்குது. என்ன தப்பு?

நீங்க தப்பு எதுவும் பண்ணல, குளிர் பண்ணிடுச்சு. கொதிநிலைக்கு வந்துட்ட ஒரு கிலோ தண்ணிய ஆவியாக்க கிட்டத்தட்ட 2257 கிலோஜூல் வேணும், அதாவது உள்ள உருப்படியா போய் சேர்ற ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மணிக்கு 1.6 லிட்டர்தான் போகும். உங்களுக்கு ஒன்றரை லிட்டர் கம்மியா போயிருக்குன்னா, கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் வழில எங்கயோ தொலைஞ்சிருக்குன்னு அர்த்தம். எங்கன்னு பார்த்தா, முதல்ல சிலிண்டர். உள்ள இருக்கற திரவ புரோபேன் வாயுவா மாறணும்னா சிலிண்டர்ல இருந்தேதான் சூட்ட உறிஞ்சும், வெளியவும் குளிரா இருந்தா அந்த சூடு திரும்பி வராது, பிரஷர் இறங்கிடும், நாப் எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்கும் ஆனா தீ சின்னதாயிடும். நான் இத கண்ணால பார்த்தது ஒரு பனிக்காலத்துல, கொதி ஆரம்பிச்சு அரை மணி இருக்கும், சிலிண்டரோட கீழ் பாதில மட்டும் வெள்ளையா உறைபனி, மேல் பாதி சும்மா ஈரமா இருந்துச்சு, உள்ள திரவம் எவ்வளவு உயரம் நிக்குதோ சரியா அந்த கோடு வரைக்கும். அன்னைக்கு தீயோட சத்தமே மாறிடுச்சு, ஆனா நான் ஹாப்ஸ் (பீருக்கு கசப்பும் வாசனையும் தர்ற பூ) எடை போட்டுக்கிட்டு இருந்ததுல கவனிக்கல. குளிர் காலத்துல பெரிய சிலிண்டரா, நல்லா நிறைஞ்சதா எடுத்துக்கங்க, கால்வாசி இருக்கற சிலிண்டர் சீக்கிரம் சோர்ந்துடும்.

ரெண்டாவது காத்து. தீய ஒரு பக்கமா சாய்ச்சுடும், பாத்திரத்தோட சுவரையும் குளிர வைக்கும். சுத்தி ஒரு தகரத் தடுப்பு வெச்சாலே வித்தியாசம் தெரியும். அதுக்குன்னு கராஜ்குள்ள கதவ சாத்திக்கிட்டு மட்டும் பர்னர் போடாதீங்க, கார்பன் மோனாக்சைடு ஆளக் கொன்னுடும், குளிர் தாங்கலன்னா அன்னைக்கு பீரே போட வேண்டாம்.

சிங்கப்பூர்: இங்க எப்பவும் புழுக்கம். ஈரக் காத்துல ஆவியாகறது குறையுமா?

நல்லா தளதளன்னு கொதிக்கும்போது பெருசா இல்ல. கொதிக்கற வோர்ட்ல இருந்து நீராவி 101 கிலோபாஸ்கல் அழுத்தத்தோட கிளம்புது, 30 டிகிரி புழுக்கக் காத்துல இருக்கற நீராவியோட அழுத்தம் மூணு நாலு கிலோபாஸ்கல்தான், அது இத தடுக்கவே முடியாது. பாத்திரத்தோட வாய் அகலமும் அப்படித்தான், சும்மா முணுமுணுன்னு லேசா கொதிக்கும்போதுதான் அதோட வேலை தெரியும்.

டென்வர்: சாஃப்ட்வேர்ல மணிக்கு 10 சதவீதம்னு போட்டிருக்கு, எனக்கு ஒரு நாளும் ஒத்து வரல.

வராது. பாத்திரத்துல 20 லிட்டர் இருந்தாலும் 40 இருந்தாலும் உங்க பர்னர் அதே 3 லிட்டரத்தான் எடுக்கும், ஒண்ணுல 15 சதவீதம், இன்னொண்ணுல 7.5. லிட்டர் கணக்குல போடுங்க. அங்க கொதிநிலை 95 டிகிரி கிட்டதான், அதனால கசப்பு கொஞ்சம் கம்மியா இறங்கும், ஆனா பாய்ல்-ஆஃப் குழப்பத்துக்கு உயரத்த குத்தம் சொல்ல முடியாது.

மெல்போர்ன்: எலக்ட்ரிக் கெட்டில், 3 கிலோவாட் எலிமென்ட். காத்தும் இல்ல குளிரும் இல்ல, அப்பவும் மாறுதே?

வோல்டேஜ் பாருங்க. பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்தபடி மாறும், 240ல 3 கிலோவாட் தர்ற எலிமென்ட் 225ல 2.64தான் தரும். பாத்திரச் சுவர் வழியா போற சூடு ரெண்டு நாளும் ஒண்ணுதான், அதனால குறைஞ்ச 0.36 கிலோவாட் முழுசும் ஆவியாகறதுல இருந்துதான் வெட்டு விழும், மணிக்கு அரை லிட்டருக்கு மேல. நீளமான மெல்லிசு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ஓட்டினாலும் இதே கதைதான், அந்த ஒயர் தொட்டா சுடுதுன்னா உடனே மாத்துங்க, அது பீரோட நிக்கற விஷயம் இல்ல.

லண்டன்: நான் அளக்கறதுலயே தப்பு இருக்குமோ?

நிறைய பேருக்கு உண்மையான காரணம் இதுதான்னு நான் நம்பறேன். தண்ணி 100ல இருந்து 20 டிகிரிக்கு வரும்போது 4 சதவீதம் சுருங்கும், கொதிக்க கொதிக்க 25 லிட்டர் காட்டினது ஆறினா 24. ஒரு தடவை சூட்டோட, இன்னொரு தடவை ஆறினப்புறம் அளந்தா ஆவியாகாத ஒரு லிட்டர் ஆவியான கணக்குல போயிடும். ஹாப்ஸ் குடிச்சதும் அடில மண்டியோட விட்டதும்கூட அதே கணக்குலதான் ஏறும். என்கிட்ட ஒரு பழைய மரக் கரண்டி இருக்கு, லிட்டர் லிட்டரா தண்ணி ஊத்தி காம்புல கத்தியால கோடு கீறினது. தீய அணைச்சு, நுரை அடங்கற வரைக்கும் ஒரு நிமிஷம் பொறுத்து, காம்ப நேரா நிறுத்தி ஈரம் ஏறின கோட்ட பார்ப்பேன். கொதி முன்னாடியும் பின்னாடியும் அதேதான்.

இன்னொண்ணு, எப்போ இருந்து நேரம் எண்றீங்க? ஓரத்துல முதல் குமிழி வந்ததுமா, நுரை பொங்கி அடங்கி நடுவுல புரள ஆரம்பிச்சதுமா? ரெண்டுக்கும் நடுவுல பத்து நிமிஷம் சாதாரணமா போயிடும்.

டல்லஸ்: ஆவியாகறத குறைக்க மூடிய பாதி போடலாமா?

வேண்டாம். பில்ஸ்னர் மால்ட்னா (வெளிர் நிற முளைகட்டின பார்லி) கண்டிப்பா வேண்டாம், ஆவியோட போக வேண்டிய டிஎம்எஸ்ங்கற கந்தகப் பொருள் மூடில பட்டு திரும்ப சொட்டும், பீர்ல வேகவெச்ச சோள வாசனை நிக்கும். தீய கொஞ்சம் குறைங்க போதும்.

எடின்பரோ: கடைசில கிராவிட்டி (சர்க்கரை எவ்வளவு அடர்த்தியா இருக்குங்கற அளவு) தப்பிடுது, அதுக்கப்புறம் என்ன பண்றது?

கடைசி வரைக்கும் காத்திருக்காதீங்க, 20 நிமிஷம் இருக்கும்போதே அளங்க. ஆறின கணக்குல 27 லிட்டர், 1.045னா, அதாவது லிட்டருக்கு 45 பாயின்ட்னா, உங்ககிட்ட மொத்தம் இருக்கறது 1215 பாயின்ட், தண்ணி போகுமே தவிர சர்க்கரை போகாது. 1.053 வேணும்னா 23 லிட்டர்ல நிக்கணும். இன்னும் நிறைய இருக்குன்னா கடைசி ஹாப்ஸ போடாம கைல வெச்சுக்கிட்டு கொதிய நீட்டுங்க, முதல்ல ஹாப்ஸ போட்டுட்டு நீட்டினா வாசனை போய் கசப்பு ஏறிடும். ரொம்ப வத்திடுச்சுன்னா இன்னும் சுலபம், பக்கத்துல கொதிக்க வெச்ச தண்ணிய அளந்து ஊத்தி கலக்கிடுங்க.