காய்ச்சல் ஆறு நாளாக, டெங்கு இல்லை: ஸ்க்ரப் டைபஸ் கேள்வி பதில்

அம்மா வயல் வேலைக்குப் போவார். ஆறு நாளாகக் காய்ச்சல், தலைவலி. டெங்கு, மலேரியா, டைபாய்டு எதுவும் இல்லையாம். வேறென்ன பார்க்கலாம் டாக்டர்?

முதலில் உடம்பைப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், பாவாடை நாடா இறுகும் இடம், காதுக்குப் பின்னால். சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக ஒரு புண் இருக்கலாம். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. அதனால் அம்மாவுக்கே தெரிந்திருக்காது. வியர்வை ஊறும் இடுக்கில் பொருக்கு உதிர்ந்து வெறும் புண்ணாகவும் தெரியும். இருந்தால் ஸ்க்ரப் டைபஸ், அதாவது புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல், என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். இல்லாவிட்டாலும் விலக்க முடியாது, பலருக்கு அது வருவதேயில்லை.

இன்றே கூட்டிப்போங்கள். ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். முதல் வாரத்தில் நெகட்டிவ் வரலாம். வெயில்-ஃபெலிக்ஸ் என்ற வேறொரு ரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்து 'இல்லை' என்றால் நம்பாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே அட்மிஷன்.

செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஐந்து நாள் போட்டும் அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லையே?

ஸ்க்ரப் டைபஸ் என்றால் விடாது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற இதன் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து பெருகுவது. பெனிசிலின் வகைகளும், செஃப்ட்ரியாக்சோன் சேர்ந்த செஃபலோஸ்போரின் வகைகளும் இதற்கு வேலைக்கு ஆகாது. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி., காலை ஒன்று இரவு ஒன்று, 7 நாள். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆரம்பித்துவிடுவதே சரி. பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் வேறு நோயா என்று மறுபடி பார்க்க வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது மேல் என்று 2023இல் வெளியான, வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு காட்டியது.

மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. தொண்டைக்குக் கீழே சிக்கினால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும்.

எங்கள் நாய்க்கு உண்ணி நிறைய. அதிலிருந்தா வருகிறது?

இல்லை. இது எலி திரியும் புதரிலும் வரப்போரத்திலும் இருக்கும் வேறொரு சிறு பூச்சியின் ஆறு கால் குஞ்சு கடித்து வருவது. அளவு 0.2 மி.மீ., கண்ணில் படாது. நாய் உண்ணி பரப்புவது வேறு காய்ச்சல், ஆனால் மருந்து அதே டாக்சிசைக்ளின்தான்.

உண்ணி உங்கள் மேல் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டாம். கூர்நுனி ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது, தனித் தட்டு தனி டம்ளர் தேவையில்லை. ஆனால் அதே புதருக்குப் போனவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.