கொய்யாவில் உட்கார்ந்திருக்கும் இலைப்பூச்சி எந்த இனம்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டுக் கொய்யா மரத்தில், இலை மாதிரியே தோன்றும் பச்சை இலைப்பூச்சி ஒன்று இருக்கிறது. வயிற்றில் இரண்டு வட்டப் புள்ளிகள் தெரிகின்றன. தேடிப் பார்த்தால் 'பயோகுலேட்டம்' என்ற பெயர் வருகிறது. சரியா? – வாசகர், பேராதனை

புள்ளிகளை நம்பாதீர்கள். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளிலேயே ஒன்றுக்குப் புள்ளி இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. வேறு பேரினத்து (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுப்பு) பூச்சிகளிலும் இதே புள்ளிகள் உண்டு. பயோகுலேட்டம் என்பது 1832இல் ஆங்கிலேய விலங்கியலாளர் கிரே வைத்த பெயர். இலங்கை, சீஷெல்ஸ், ஜாவா என்று எங்கே பிடிபட்டாலும் அந்தப் பெயரையே ஒட்டிவிடும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அது இப்போது மாறிவிட்டது. இலங்கையில் இருப்பது புல்க்ரிஃபில்லியம் அகதிர்சஸ் (முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம்). அதற்கும் 1843இல் பெயர் வைத்தவர் அதே கிரேதான். சீஷெல்ஸ் பூச்சி கிருரிஃபோலியம். பேராதனையில் கொய்யா மரத்தில் கிடைத்தது என்றால் நான் அகதிர்சஸ் என்றே எழுதி வைப்பேன்.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் எப்போதாவது கண்ணில் படும். இலங்கைப் பூச்சியும் இதுவும் ஒன்றுதானே? – வாசகர், கூடலூர்

இல்லை. 2021இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு ஒன்று உலகின் இலைப்பூச்சிகளை ஒரே வம்சாவளி மரத்தில் அடுக்கிக் காட்டியது. அதில் பெயரே இல்லாத சில கிளைகள் தனித்து நின்றன. அவற்றில் ஏழுக்கு 2023இல் பெயர் வைத்தார்கள். தென்மேற்கு இந்தியாவின் புல்க்ரிஃபில்லியம் அணங்கு அந்த ஏழில் ஒன்று. பார்வைக்கு இலங்கைப் பூச்சியிலிருந்து பிரிப்பது சிரமம்தான். ஆனால் இந்தக் கூட்டத்தில் பெண்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். கடல் தாண்டிப் போய்க் கலக்க வழியில்லை. அதனால்தான் பிடித்த இடம் எது என்பதையே நான் முதலில் கேட்கிறேன். 'இந்தியா' என்று மட்டும் எழுதி அனுப்பினால் போதாது, ஊர் வேண்டும்.

ஒன்று மஞ்சள், ஒன்று பழுப்பு, ஒன்று பச்சை. மூன்று இனமா? – வாசகர், தென்காசி

நிறத்தை விட்டுவிடுங்கள். ஒரே இனத்துப் பெண்பூச்சிகள் இந்த மூன்று நிறத்திலும் வரும். ஓரம் கருகிய இலை மாதிரியும் வரும். செத்து உலர்ந்த பிறகு பச்சைப் பூச்சியும் பெரும்பாலும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மங்கிவிடும்.

'சிக்கிஃபோலியம்' என்று சொல்லி முட்டை விற்றார்கள். வளர்ந்த பூச்சிகளை எப்படிச் சரிபார்ப்பது? – வாசகர், கோலாலம்பூர்

சந்தையில் இந்தப் பெயரில் அதிகம் புழங்குவது பிலிப்பைன்ஸ் பூச்சிதான். அதற்கு ஃபில்லியம் பிலிப்பினிகம் என்று தனிப்பெயர் கிடைத்ததே 2009இல். அதுவரை வளர்ப்பாளர்கள் பலரும் அதை சிக்கிஃபோலியம் என்றே எழுதி வந்தார்கள், பழைய சீட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையான சிக்கிஃபோலியம் 1758இல் லின்னேயஸ் பெயரிட்டது, இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள் பக்கத்தது.

முதலில் முன்காலைப் பாருங்கள். தொடைக்கு அடுத்த துண்டில் இலைபோல விரிந்த தகடு உள்பக்கம் மட்டும் இருந்தால் ஃபில்லியம், வெளிப்பக்கமும் இருந்தால் புல்க்ரிஃபில்லியம். பேரினம் வரைக்கும் இது போதும். கிரிப்டோஃபில்லியம் என்று 2021இல் பிரித்த கூட்டம் மட்டும் இதற்கு அடங்காது. பார்வைக்கு அவை ஃபில்லியம் போலவே இருக்கும், அவற்றைத் தனியே காட்டிக் கொடுத்தது டி.என்.ஏ.

அடுத்து முட்டை. பிலிப்பினிகம் முட்டையின் விளிம்புகளில் இறகு மாதிரி இழைகள் இருக்கும். ஈரம் பட்டால் அவை விரியும், முட்டை விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். காய்ந்து கிடக்கும்போது இழைகள் ஒடுங்கி வெறும் விதை மாதிரி இருப்பதால், ஈரப்படுத்துவதற்கு முன்பும் பின்பும் படம் எடுங்கள். காலி ஓட்டையும் எறிய வேண்டாம், அதுவும் அடையாளத்துக்கு உதவும்.

ஒரு வேண்டுகோள்: வளர்த்த பூச்சி மிஞ்சிப்போனால் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள்.

என்னிடம் உள்ளவை ஜிகாண்டியம். எல்லாமே பெண். ஆணே இல்லாமல் முட்டை பொரிகிறதே? – வாசகர், ஈப்போ

பொரியும். இந்த இனம் ஆண் இல்லாமலேயே பெருகும். மலேசியாவின் இந்தப் பெரிய பூச்சி பத்து சென்டிமீட்டரைத் தொடும், அதனால் அடையாளத்தில் குழப்பமும் குறைவு.

ஒல்லியாக, நீண்ட உணர்கொம்போடு, கண்ணாடி இறக்கை விரித்துப் பறந்த ஒன்றைப் படம் எடுத்தேன். புதிய இனமா? – வாசகர், கண்டி

ஆண்பூச்சி. பெண்ணுக்கு உணர்கொம்பு குட்டை, முன் இறக்கைகள் தடித்து முதுகை இலையாக மூடியிருக்கும். ஆணுக்கு எல்லாம் நேர்மாறு. நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வல்லுநர்களையே இது பல்லாண்டுகள் சுற்றவிட்டிருக்கிறது. நியூகினியில் நானோஃபில்லியம் என்ற பேரினத்தில் ஆண்களை மட்டுமே பார்த்திருந்தார்கள். அதே தீவில் ஃபில்லியத்தின் ஒரு கூட்டத்தில் பெண்களை மட்டுமே பார்த்திருந்தார்கள். பாப்புவா நியூகினியில் பிடித்த ஒரு பெண் இட்ட முட்டைகள் கனடாவின் மொன்றியல் பூச்சிக் காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே பொரித்து வளர்ந்த ஆண்களைப் பார்த்தால், அவை சாட்சாத் நானோஃபில்லியம்! இரண்டும் ஒரே பேரினம் என்று 2020இல் அறிவித்தார்கள். இனம் பிரிக்க விரும்பும் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: முடிந்தால் முட்டையிலிருந்து வளர்த்துப் பாருங்கள். ஆண், பெண், முட்டை, பொரித்த அன்றைய குஞ்சின் நிறம் நான்கும் ஒரே குடும்பத்திலிருந்து கிடைக்கும். அந்தக் குஞ்சுகள் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், இலை தின்ன ஆரம்பித்த பிறகுதான் பச்சையாகும். அதனால் முதல் நாளே படம் எடுத்துவிடுங்கள்.

பெயர் சொல்ல என்ன படம் அனுப்ப வேண்டும்? – பலர்

நேர் மேலிருந்து ஒன்று, முன்கால் இரண்டும் விரிந்த நிலையில் ஒன்று, மார்பின் பக்கவாட்டிலுள்ள சிறு முட்கள் எண்ணத்தக்க அளவுக்கு நெருக்கமாக ஒன்று. வயிற்றின் ஓரக்கோடு வளைந்திருக்கிறதா, பெட்டி போல நேராக ஓடுகிறதா என்பதும் மேலிருந்து எடுத்த படத்தில் தெரிய வேண்டும். கையில் வைத்து சாய்வாக எடுத்த படம் அழகாக இருக்கும், உதவாது. அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

இணைத்துள்ள படத்தில் இருப்பது எந்த இலைப்பூச்சி? தொடப் போனேன், குதித்துவிட்டது. – வாசகர், நாகர்கோவில்

இது வெட்டுக்கிளி வகை. இறக்கை அச்சு அசல் இலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னங்கால் தொடையைப் பாருங்கள், குதிப்பதற்கென்றே நீண்டு பருத்திருக்கிறது. உணர்கொம்போ உடம்பைவிட நீளம். இலைப்பூச்சி குதிக்காது.