லேப்டாப் ஜிபியு ஓவர்கிளாக்: நம்ம ஊர் வெயிலில் எதுவரை போகலாம்? (கேள்வி பதில்)

வேலூரில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் கேமிங் லேப்டாப்தான். ஓவர்கிளாக் (கிராபிக்ஸ் சிப்பான ஜிபியுவை, கம்பெனி வைத்த கிளாக்கை, அதாவது வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. கேட்பவர்கள் மூன்று விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள்: லேப்டாப் மாடல், கிராபிக்ஸ் கார்டு, கேம் ஓடும்போது எத்தனை டிகிரி.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப், கேமில் 84 டிகிரி காட்டுது. எவ்வளவு மெகாஹெர்ட்ஸ் ஏத்தலாம்? எனக்கு எதுவும் தெரியாது, முதலிலிருந்து சொல்லுங்க.

தம்பி, ஏற்றுவதற்கு முன் உங்கள் கார்டை இப்போது எது பிடித்து நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். டெஸ்க்டாப் 3060க்கு 170 வாட். லேப்டாப் 3060க்கு, தயாரிக்கும் கம்பெனியைப் பொறுத்து, 60 முதல் 115 வாட் வரை, டைனமிக் பூஸ்ட் (பிராசசருக்கான வாட்டில் மிச்சத்தைக் கார்டுக்குத் தரும் வசதி) இருந்தால் அதற்கு மேல் இன்னும் கொஞ்சம். பெட்டியில் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒல்லி லேப்டாப்பின் 3060 வேறு, தடித்த லேப்டாப்பின் 3060 வேறு. அந்த வாட் வரம்பு கார்டின் பயாஸிலேயே (கார்டை இயக்கும் உள் நிரலில்) எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் ஆஃப்டர்பர்னரை (கிளாக்கை மாற்ற உதவும் எம்எஸ்ஐ மென்பொருள்) திறந்தால் பெரும்பாலான லேப்டாப்பில் பவர் லிமிட் ஸ்லைடர் சாம்பல் நிறத்தில் நகராமல் கிடக்கும், வோல்டேஜ் ஸ்லைடரும் அப்படியே. உங்கள் கைக்கு வருவது கோர் கிளாக், மெமரி கிளாக் இரண்டுதான்.

ஜிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் சென்சார் பக்கத்தில் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரியைக் கேம் ஓடும்போது கவனியுங்கள். பவர் என்று வந்தால் வாட் தீர்ந்துவிட்டது. தெர்மல் என்று வந்தால் சூடு தடுக்கிறது. லேப்டாப் என்விடியா கார்டுகள் பலவற்றில் 87 டிகிரியை எட்டியதும் கிளாக் தானாகக் கீழே இறங்கும், நீங்கள் 84ல் நிற்கிறீர்கள். இந்த நிலையில் வெறுமனே கிளாக்கை ஏற்றினால் சூடு ஏறும், சூடு ஏறினால் கார்டே கிளாக்கை இறக்கும், ஏற்றியது எங்கே போனது என்றே தெரியாது.

அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது வோல்டேஜைக் குறைக்கத்தான். வோல்டேஜ் ஸ்லைடர் நகராவிட்டாலும் கிளாக் வளைவு வழியாக இதைச் செய்யலாம். சிப் தின்னும் வாட், கிளாக்கோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும், ஆகவே வோல்டேஜில் சின்னக் குறைப்பு கூட வாட்டில் பெரிதாகத் தெரியும். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைவு திறக்கும். கீழே மில்லிவோல்ட், பக்கவாட்டில் மெகாஹெர்ட்ஸ். 800 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1700 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்குங்கள், அதற்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகளையெல்லாம் அதே உயரத்துக்குத் தட்டையாக்கி அப்ளை கொடுங்கள். ஒரு மணி நேரம் நிஜமான கேம் ஆடிப் பாருங்கள். விழாமல் ஓடினால் அடுத்து 775. எங்கே கேம் விழுகிறதோ (தானாக மூடிக்கொள்கிறதோ) அங்கிருந்து இரண்டு படி மேலே வந்து நில்லுங்கள். சிப்புக்குச் சிப் இது மாறும், நண்பன் லேப்டாப்பில் ஓடிய எண்ணை அப்படியே எடுத்து உங்களுடையதில் போடாதீர்கள்.

சூடு இறங்கிய பிறகு மெமரி கிளாக்கை 100 100 ஆக ஏற்றுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோர் அதிகமானால் கேம் மூடிக்கொள்ளும், உடனே தெரிந்துவிடும். மெமரி அதிகமானால் சில சமயம் எதுவும் விழாது, ஆனால் ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண்) குறைய ஆரம்பிக்கும். ஆகவே ஒவ்வொரு படியிலும் எண்ணை எழுதி வையுங்கள், ஏறுவது நின்ற இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள். இவ்வளவும் செய்தால் 60 ஃபிரேம் 63, 64 ஆகும். அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும்.

அப்புறம், விண்டோஸ் திறக்கும்போதே இந்த செட்டிங்கைப் போடு என்று ஒரு டிக் இருக்கும். ஒரு வாரம் விழாமல் ஓடும் வரை அதைத் தொடாதீர்கள். தப்பான எண்ணோடு அதை டிக் செய்துவிட்டு, டெஸ்க்டாப் வந்ததும் விழுகிற லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய.

குடியாத்தம்: சார், கோர் 180 ஏத்தினேன். ஸ்க்ரீன் கறுப்பாகி ரெண்டு செகண்ட்ல திரும்ப வந்துச்சு. கார்டு போயிடுச்சா?

போகவில்லை. ஜிபியு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் திரும்ப எழுப்பும், நீங்கள் பார்த்தது அதைத்தான். லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு 100க்கு இறங்குங்கள். ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

ஆற்காடு: அண்ணா, பவர் லிமிட் ஸ்லைடர் நகரலன்னா வேற லேப்டாப் கார்டோட விபயாஸை (கார்டு பயாஸை) ஃப்ளாஷ் பண்ணி எழுதினா 115 வாட் வருமாமே?

வேண்டாம். சில பேருக்கு வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் 80 வாட்டுக்கென்று வடிவமைத்த லேப்டாப்பில் ஹீட்பைப் மட்டும் 80 வாட்டுக்கானது இல்லை. கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் மாஸ்ஃபெட், காயில், அடாப்டர் எல்லாமே அந்தக் கணக்குதான். ஜிபியு வெப்பநிலை 80 என்று நல்லபடியாகக் காட்டிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் சென்சாரே இல்லாத மாஸ்ஃபெட் வெந்துகொண்டிருக்கும். ஃப்ளாஷ் பாதியில் நின்றால் டெஸ்க்டாப் மாதிரி வேறு கார்டைச் செருகிச் சரிசெய்ய முடியாது. போர்டைக் கழற்றி, பயாஸ் சிப்பில் கிளிப் மாட்டி, புரோகிராமர் வைத்து எழுத வேண்டும். பழைய பயாஸை நீங்கள் சேமித்து வைத்திருக்காவிட்டால் அதுவும் பெரும்பாடு. உங்கள் லேப்டாப் கம்பெனியே கொடுக்கும் மென்பொருளில் கிளாக் ஏற்ற வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆசஸின் ஆர்மரி கிரேட், லீஜியனுக்கான லெனோவோ வான்டேஜ் இரண்டும் பல மாடல்களில் அதைத் தருகின்றன.

வாலாஜாபேட்டை: ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸை ஓவர்கிளாக் செய்ய முடியுமா?

அதை விடுங்கள். அது தனி கார்டு இல்லை, பிராசசருக்குள்ளேயே இருந்து லேப்டாப் ரேமைப் பகிர்ந்துகொள்வது, அதனால் ஒற்றை ரேம் இருந்தால் இன்னொன்று வாங்கி ஜோடியாகப் போடுங்கள்.

இராணிப்பேட்டை: நீங்க வோல்டேஜ் அது இதுன்னு சொல்றீங்க. நான் ஏர் கூலரை லேப்டாப் முன்னாடி ஒரு அடி தூரத்துல வெச்சு ஆடறேன். 86 இருந்தது 76 ஆச்சு. கோர் 150 ஏத்தி ஓடுது. இதை ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க?

76 ஆனதை நம்புகிறேன். அறைக் காற்று 10 டிகிரி குறைந்தால் ஜிபியுவும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். காற்று வறண்டிருக்கும் மே மாத மதியத்தில் 42 டிகிரி காற்று நல்ல கூலர் வழியே 30ஐ ஒட்டி வெளியே வரும். என் கவலை அந்த ஒரு அடி தூரம்.

திருப்பத்தூர்: சார் சொல்றது சரி. ஈரக்காத்து உள்ள போனா போர்டு மேல தண்ணி முத்து முத்தா நிக்கும், ஷார்ட் ஆயிடும். என் தம்பி லேப்டாப் அப்படித்தான் போச்சு.

இல்லை, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காற்றைவிடக் குளிர்ந்த பொருள் மேல்தான் ஈரம் முத்தாக நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் போர்டு கூலர் காற்றைவிட எப்போதும் சூடு, அங்கே நிற்க வழியில்லை. உங்கள் தம்பியுடையதைத் திறந்து பார்க்காமல் காரணம் சொல்வது சரியாக இருக்காது.

இராணிப்பேட்டை: அப்போ என்ன பிரச்சினை? நீங்களே சொல்லிட்டீங்க ஈரம் நிக்காதுன்னு.

தண்ணீர்த் திவலை. ஆவியாகப் போகும் நீரில் உப்பு இருக்காது, ஆனால் பேட் நனைந்து வழியும்போது காற்றின் வேகத்தில் பொடித் துளிகள் பறக்கும். கண்ணாடியை ஒரு அடியில் அரை மணி நேரம் பிடித்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும். நம் பக்கத்து போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று உங்கள் கூலர் பேடின் ஓரத்தில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கே சொல்லும். அந்தத் துளியை லேப்டாப் ஃபேன் உறிஞ்சினால் நீர் காய்ந்துவிடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதோடு தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க் துடுப்புகளுக்கு நடுவே பசை மாதிரி அடைத்துக்கொள்ளும். உலர்ந்த தூசியென்றால் பிரஷ்ஷில் போய்விடும், இது ஈர்க்குச்சி வைத்துச் சுரண்டினாலும் லேசில் வராது.

சத்துவாச்சாரி, ஒரு அம்மா: என் பையன் லேப்டாப்ல ஏதோ ஸ்பீடு கூட்டி வெச்சிருக்கான். இப்ப மவுஸ் பட்டன் அழுத்தவே மாட்டேங்குது, கீழ்ப்பக்கம் ஓரமா இடைவெளி தெரியுது. வைரஸா?

அம்மா, வைரஸ் இல்லை. உடனே சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை அணைத்துவிடுங்கள், திரும்பப் போட வேண்டாம். டச்பேடுக்கு அடியில் பேட்டரி இருக்கிறது, அது உப்பி மேலே தள்ளுகிறது. அழுத்தியோ, ஊசியால் குத்தியோ, மூடியைப் பலமாக மூடியோ பார்க்கக் கூடாது, தீப்பிடிக்கும். மெத்தை, துணி பக்கத்தில் இல்லாமல் தரையில் வைத்து, பிறகு பத்திரமாகச் சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். பையனைத் திட்ட வேண்டாம், ஓவர்கிளாக் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. எப்போதும் சார்ஜரிலேயே 100 சதவீதத்தில் இருப்பதும், அதோடு சேரும் சூடும் பேட்டரியைக் கெடுக்கும். புது பேட்டரி போட்ட பிறகு, கம்பெனி மென்பொருளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடச் சொல்லுங்கள்.

பேரணாம்பட்டு: அண்ணா எவ்ளோ ஏத்தலாம்?

எதை? மாடல், கார்டு, டிகிரி.

அணைக்கட்டு: ஆர்டிஎக்ஸ் 3050, எத்தனை மெகாஹெர்ட்ஸ் சேஃப்?

காட்பாடி தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். உங்களுடையது 4 ஜிபி மாடல் என்றால், கேம் திக்கித் திக்கி ஓடுவது பெரும்பாலும் மெமரி நிறைந்ததால். அதற்கு டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டும், கிளாக் ஏற்றி 4 ஜிபி 6 ஆகாது.

ஆம்பூர், ஷூ டிசைனர்: 3டி ரெண்டருக்கு உதவுமா?

ராத்திரி முழுக்க ஓடும் ரெண்டருக்கு ஓவர்கிளாக் வேண்டாம், விடியற்காலையில் விழுந்தால் வேலை போச்சு. வோல்டேஜ் குறைப்பது மட்டும் செய்யுங்கள், அதையும் ஒரு நாள் ஓட்டிச் சோதித்துவிட்டு.

காட்பாடி: பவர் கட் ஆகி பேட்டரிக்கு மாறினா ஃபிரேம் பாதியாகுது. ஓவர்கிளாக் பண்ணா சரியாகுமா?

ஆகாது. பேட்டரியால் அவ்வளவு வாட் தர முடியாது என்பதால் லேப்டாப்பே கட்டுப்படுத்துகிறது.

ஆரணி: என்விடியாவே லேப்டாப்பில் ஓவர்கிளாக்கைத் தடை செய்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

2015 தொடக்கத்தில் நடந்தது. ஜிடிஎக்ஸ் 900எம் வரிசைக்கு வந்த 347.29 டிரைவரில் வசதி காணாமல் போனது. லேப்டாப்புகள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை இல்லை என்பது கம்பெனியின் விளக்கம். வாங்கியவர்கள் கொதித்ததும் பிறகு வந்த டிரைவரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஓவர்கிளாக் செய்வது லேப்டாப் வாங்கியவர்களின் உரிமை என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் கம்பெனி சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வாணியம்பாடி: அண்ணா, ஜனவரியில் கோர் 130 வைத்தேன், ஒருமுறைகூட விழவில்லை. ஏப்ரல் வந்ததும் அதே கேம் தினமும் விழுகிறது. எதையும் மாற்றவில்லை. சிப் தேய்ந்துவிட்டதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சிப் தேயவில்லை. சிலிக்கான் சூடானால் அதே வேகத்தில் ஓடக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். நீங்கள் ஏற்றிய 130, அந்தக் கூடுதலுக்கு இருந்த இடத்தைத் தின்றுவிட்டது. ஜனவரி ராத்திரியில் 70 டிகிரியில் ஓடியதால் தெரியவில்லை. இப்போது 84, 85 ஆகியிருக்கும். 60, 70க்கு இறங்கி வாருங்கள், விழுவது நிற்கும். நம் பக்கத்தில் ஓவர்கிளாக்கைச் சோதிக்கச் சரியான நேரம் கத்திரி வெயிலில், மதியம் 3 மணிக்கு, ஏசி இல்லாமல். அப்போது நிற்கிற எண் வருஷம் முழுக்க நிற்கும். இறக்கியும் 85க்கு மேல் போனால் தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் பசை) காய்ந்திருக்கலாம். மாற்றும்போது பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) மட்டும் வேண்டாம், அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரிக்கும், சிந்தினால் ஷார்ட்.

சோளிங்கர்: ஃபர்மார்க் ஓட்டி செக் பண்ணலாமா?

வேண்டாம். கார்டுக்கு முழு பாரம் கொடுக்கும் அந்தச் சோதனை மென்பொருள் வாட் வரம்பை முட்டிக் கிளாக்கைக் கீழே இழுத்துவிடும், நீங்கள் ஏற்றிய மேல் கிளாக் சோதனைக்கே வராது. 3டிமார்க் மென்பொருளில் உள்ள டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 சுற்று ஓட்டுங்கள், 97 சதவீதம் வந்தால் பாஸ். அப்புறம் ஆடுகிற கேம். ஸ்டார்ட்டப் டிக் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

லத்தேரி: ஆஃப்டர்பர்னர் எங்க டவுன்லோட் பண்றது?

எம்எஸ்ஐ தளம் அல்லது குரு3டி, இரண்டைத் தவிர வேறெங்கும் வேண்டாம். இதே பெயரில் போலித் தளங்கள் வைத்து, உங்கள் கார்டில் திருட்டுத்தனமாகக் கிரிப்டோ காசு எடுக்கும் மைனரும் பாஸ்வேர்ட் திருடும் மென்பொருளும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இராணிப்பேட்டை: கண்ணாடி வெச்சுப் பாத்தேன் சார். புள்ளி விழுது. ஆனா கூலரை விட மாட்டேன், ரூம்ல வேற வழியில்ல.

விட வேண்டாம். கூலரை ஜன்னலோரம் வைத்து வெளிக்காற்றை இழுக்க விடுங்கள், எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள், மூடிய அறையில் ஈரம் ஏறினால் கூலர் குளிர்விக்காது. லேப்டாப்பை ஆறேழு அடி தள்ளி, காற்று நேராகப் படாத மூலைக்குக் கொண்டு போங்கள், பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். 76 வராது, 79, 80 வரலாம், அது போதும். ஜூனில் கீழ் மூடியைக் கழற்றித் துடுப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.