சாப்பிடத் தகுந்த ஃப்ளேவரை மூச்சில் இழுக்கலாமா?

கேள்வி: வயது 31. பத்து வருடம் பிடித்த சிகரெட்டை விட்டுவிட்டு, ஒரு வருடமாக இ-சிகரெட் இழுக்கிறேன். வெனிலா கஸ்டர்ட், பட்டை வாசனைகள்தான் வழக்கம். பாட்டிலில் 'உணவுத் தரம்', 'டைஅசிட்டைல் இல்லாதது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். சில சமயம் கேக்கில் சேர்க்கும் எசன்ஸை நானே கலந்துகொள்கிறேன். இரண்டு மாதமாக வறட்டு இருமல், மாடி ஏறினால் இளைப்பு. ஃப்ளேவர் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். எதற்கும் முன்னால், எசன்ஸ் கலப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சமையல் எசன்ஸ்கள் பலவற்றில் எண்ணெய், சர்க்கரை, நிறமி இருக்கும். எண்ணெய்த் துளிகள் நுரையீரலின் காற்றுப் பைகளில் படிந்தால், கிருமியே இல்லாமல் நிமோனியா வரும். 2019-இலிருந்து 2020 பிப்ரவரி வரை அமெரிக்காவில் வேப் (இ-சிகரெட்) இழுத்தவர்கள் 2,800-க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கேட்ரிஜ்கள். முக்கியக் காரணமாகத் தெரியவந்தது அதில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட். அதே பொருளை மாத்திரையாக விழுங்கினாலும் தோலில் பூசினாலும் பொதுவாகத் தொந்தரவு இல்லை.

'உணவுத் தரம்' என்பதன் எல்லையும் அதுதான். அந்தப் பரிசோதனை விழுங்குவதற்கு மட்டுமே. விழுங்கியதைக் குடலும் கல்லீரலும் உடைத்துப் பார்த்துத்தான் ரத்தத்துக்கு அனுப்பும். மூச்சில் இழுத்ததற்கு அந்தச் சோதனைச்சாவடி கிடையாது. போதாக்குறைக்கு, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளில் (காயில்) வேறு பொருளாக மாறியும் உள்ளே போகிறது. அமெரிக்க ஃப்ளேவர் உற்பத்தியாளர் சங்கமே, தங்கள் பாதுகாப்பு மதிப்பீடு இ-சிகரெட்டுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

டைஅசிட்டைல் வெண்ணெய் மணம் தருவது. 2000-இல் மிசௌரி மாநிலத்துப் பாப்கார்ன் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு மூச்சுச் சிறுகுழல்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டது தெரியவந்தபோதுதான் இதன் மறுபக்கம் புரிந்தது. தொழிற்கூடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரி 100 கோடியில் 5 பங்கைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 'இல்லாதது' என்ற லேபிளை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. பதிலுக்குச் சேர்க்கப்படும் 2,3-பென்டேன்டையோனும் அதே மாதிரி புண்படுத்துவதுதான். அசிட்டோயின் என்ற மணப்பொருள் சேர்த்திருந்தால், பாட்டிலில் கிடக்கக் கிடக்க அதுவே டைஅசிட்டைலாக மாறும். நிகோடின் இருந்தால் இன்னும் வேகமாக.

அதற்காக உங்களுக்கு வந்திருப்பது அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. சிகரெட் புகையிலும் டைஅசிட்டைல் உண்டு, பெரும்பாலும் வேப்பைவிட அதிகமாகவே. ஆகவே பயந்துபோய்ச் சிகரெட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

உங்கள் இருமலுக்குப் பட்டை வாசனை மேல்தான் எனக்குக் கூடுதல் சந்தேகம். அதிலுள்ள சின்னமால்டிஹைடு, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களின் அசைவை மந்தப்படுத்துவது ஆய்வகச் சோதனைகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. வெனிலினும் சும்மா இருப்பதில்லை. திரவத்திலுள்ள புரோபிலீன் கிளைக்காலோடு சேர்ந்து, மூச்சுக்குழாயை உறுத்தும் அசிட்டால் என்ற புதுப்பொருளாக பாட்டிலுக்குள்ளேயே மாறுகிறது. இனிப்புக்குச் சேர்க்கும் சுக்ரலோஸ் காயிலில் ஒட்டிக் கருகும். காயிலைக் கழற்றிப் பாருங்கள்: பஞ்சு பழுப்பேறி, கம்பியைச் சுற்றிக் கறுப்புப் பொருக்கு தட்டியிருந்தால், ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டிகளும் சேர்ந்தே உள்ளே போயிருக்கும். தீய்ந்த ருசி வந்த பிறகும் இழுப்பதுதான் ஆக மோசம்.

நுரையீரல் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதிக் காட்ட வேண்டும். மருந்துக்குப் பிறகு அளவு நன்றாக ஏறினால் ஆஸ்துமா பக்கம் யோசிக்கலாம். அடைப்பு அப்படியே நின்றால், மூச்சை இழுத்தும் முழுக்க விட்டும் இரண்டு நிலையிலும் எடுக்கும் ஹெச்.ஆர்.சி.டி. (நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன்) தேவை. சிறுகுழல் நோயில் சாதாரண எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கக்கூடும். 'எக்ஸ்ரே நார்மல்' என்பதோடு விட்டுவிடாதீர்கள். பத்து வருட சிகரெட்டின் பாதிப்பு, காசநோய், அமில எதுக்களிப்பு ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். பாட்டிலையும் காயிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

வேப்பை நிறுத்த நிகோடின் பேட்ச், கம் உதவும். எழுந்த அரை மணிக்குள் இழுக்கத் தோன்றினால் 4 மி.கி. கம், இல்லாவிட்டால் 2 மி.கி. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். விடாமல் மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். ஒரேயடியாக விட முடியாவிட்டால், நிறுத்தும்வரை ஃப்ளேவரும் இனிப்பும் இல்லாத திரவம், குறைந்த வாட் (சூடாக்கும் சக்தி). மெந்தால் வேண்டாம், அதன் குளிர்ச்சி இருமலை அமுக்கி, இன்னும் ஆழமாக இழுக்க வைக்கும்.

காய்ச்சல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், ஆக்ஸிமீட்டரில் 95-க்குக் கீழ் என எது வந்தாலும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.