ஐரோப்பாவில் ரயிலேற ஏழரை லட்சம் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வரும் மே மாதம் மகளோடு 14 இரவுகள் ஐரோப்பாவில் ரயிலிலேயே சுற்ற ஆசை: பாரிஸ் 4, லூசெர்ன் 3, வெனிஸ் 3, வியன்னா 4. மகளுக்கு 11 வயது, ஜூனில் 12 ஆகிறது. இதற்கென்றே சேர்த்த 5.5 லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது. அவசரத் தேவைக்கு வைத்திருக்கும் 3 லட்சம் தனி. ஏழு நாள் ரயில் பாஸ் எடுக்கச் சொல்லும் டிராவல்ஸ்காரர், குறையும் 2 லட்சத்துக்கு 14% வட்டியில் 24 மாத இ.எம்.ஐ. கடனும் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: கடன் வேண்டாம். அந்தப் பாஸும் உங்கள் பயணத்துக்குத் தேவையில்லை. ஆனால் மகளுக்கு 12 ஆகும் முன் போய்விட வேண்டும் என்று நினைத்தீர்களே, அது சரியான முடிவு. விமானத்தில் குழந்தைக் கட்டணம், ஷெங்கன் விசாவில் (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசா) பாதிக் கட்டணம் இரண்டும் 12 வயதோடு முடிந்துவிடும். விசாவுக்குப் பெரியவருக்கு 90 யூரோ, உங்கள் மகளுக்கு 45.

முதலில் உங்கள் திட்டத்தை அப்படியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். யூரோ மதிப்பு ஏறிக்கொண்டே இருப்பதால், ஒரு யூரோவுக்கு 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். கீழே வருவதெல்லாம் திட்டமிட உதவும் உத்தேசத் தொகைகள். மூன்று பேருக்கும் விமானம் 2,10,000. விசா, அதன் சேவைக் கட்டணம், காப்பீடு சேர்த்து 40,000. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்கும் அறை இரவுக்கு 140 யூரோ வீதம் 2,15,600. சாப்பாடு நாளுக்கு 60 யூரோ வீதம் 92,400. ஊருக்குள் பஸ், மெட்ரோ, அருங்காட்சியகம், மலை ரயில் என்று நாளுக்கு 50 யூரோ, அது 77,000. ஊர்விட்டு ஊர் போகும் ரயில் 44,000. எல்லாம் சேர்த்து 6,79,000. எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏழரை லட்சத்தைத் தொடுகிறது.

இதில் ரயிலின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை! பணத்தைத் தின்பது அறைதான். ரயில் பயணம் என்று பேசுவதால் எல்லோரும் பாஸிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். எத்தனை இரவு, எந்த ஊரில் என்பதை முதலில் எழுதிவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

சரி, பாஸுக்கு வருவோம். ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கான யூரெய்ல் குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் நாமே தேர்ந்தெடுக்கும் ஏழு நாட்களுக்கு, இரண்டாம் வகுப்பில் பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 380 யூரோ. பெரியவரோடு வரும் 4 முதல் 11 வயதுக் குழந்தைக்கு இலவசம். உங்கள் இருவருக்கும் 760 யூரோ, அதாவது 83,600 ரூபாய். ஆனால் நீங்கள் ஊர் மாறுவது மூன்றே முறை! ஏழு நாள் பாஸில் நான்கு நாள் வீண். அதோடு முடிவதில்லை, பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் பிரெச்சியரோசா போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். பிரான்சில் பாஸ்காரர்களுக்கென ஒதுக்கும் இடங்களும் குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பையில் பாஸை வைத்துக்கொண்டே முழு விலை டிக்கெட் வாங்கி ஏறியது.

தனித்தனி டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால் பெரியவருக்கு ஒரு பயணம் 50 யூரோ என்று வைக்கலாம். மகளுக்குப் பாதி. மூன்று பயணத்துக்கு 375 யூரோ. நான் போட்டிருக்கும் 44,000 ரூபாயில் இது அடங்கிவிடும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியாவில் பெரும்பாலான ரயில்களுக்கு முன்பதிவு கட்டாயமில்லை. அங்கே தினம் ஓர் ஊர் என்று மனம்போல் சுற்றுகிறவர்களுக்குப் பாஸ் உண்மையிலேயே லாபம். 27 வயது வரை உள்ளவர்களுக்குப் பாஸ் விலையில் கழிவும் உண்டு. உங்கள் பயணம் அந்த வகை இல்லை.

அடுத்து அந்த 2 லட்சம் குறை. 14% வட்டியில் 24 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 9,600 ரூபாய். வட்டி மட்டும் 30,000 தாண்டுகிறது. ஊர் திரும்பிய பிறகு இரண்டு வருஷம் மாதம் 9,600 கட்டத் தயாராக இருக்கும் குடும்பத்தால், போவதற்கு முன் எட்டு மாதம் 12,000 ஒதுக்க முடியும் என்று நம்புகிறேன். அது 96,000. ஆர்.டி.யிலோ, குறுகிய காலத்துக்குப் பணம் போட்டு எடுக்கும் லிக்விட் ஃபண்டிலோ போடுங்கள். எட்டு மாதத்தில் தேவைப்படும் பணத்துக்குப் பங்குச் சந்தை இடமில்லை. அந்த 3 லட்சத்தைத் தொடாதீர்கள்.

மீதிக்கு வெனிஸை விட்டுவிடலாம் என்பது என் யோசனை. வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் மூன்று இரவு குறைந்தால் அறை, சாப்பாடு, சுற்றல் சேர்த்து 750 யூரோ, ஒரு ரயில் பயணம் 125 யூரோ, ஆக 96,250 ரூபாய் மிச்சம். மொத்தச் செலவு, பத்து சதவீதமும் சேர்த்து, 6.4 லட்சத்துக்கு இறங்கும். உங்களிடம் 6.46 லட்சம் இருக்கும். கடன் இல்லாமலே கணக்கு நேராகிறது.

மகள் மலையையும் பனியையும் இழக்கப்போவதில்லை. பாரிஸில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் பாசல், அங்கே மாறி ஒரு மணி நேரத்தில் லூசெர்ன். பிறகு பக்கத்திலுள்ள சூரிச்சுக்குப் போனால், அங்கிருந்து வியன்னாவுக்கு நேராக ரெயில்ஜெட் என்ற விரைவு ரயில், ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஆர்ல்பெர்க் மலைப்பாதை வழியாக, ஆல்ப்ஸை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போகலாம். இன்னொரு நாடும் பார்த்த மாதிரி இருக்க வேண்டுமானால், வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஸ்லோவாக்கியாவின் பிராடிஸ்லாவா. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஷெங்கனுக்குள் இருப்பதால் தனி விசா வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, கவனமாகக் கேளுங்கள். மலிவான ரயில் டிக்கெட்டுகளைப் பெரும்பாலும் ரத்து செய்து பணம் திரும்பப் பெற முடியாது. விசா வராமல் அவற்றை வாங்கக் கூடாது. விசா தாமதமானாலோ விலை ஏறிவிடும். அதனால் விசாவை முன்னால் தள்ளுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், மார்ச், ஏப்ரல் நெரிசலுக்குக் காத்திருக்காமல் ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். பாரிஸிலும் வியன்னாவிலும் சம இரவுகள் தங்குவதால், முதலில் இறங்கும் பிரான்சின் தூதரகமே உங்களுக்கு உரியது. அதுவரை அறைகளை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு போட்டு வையுங்கள். விசா கையில் வந்த அன்று இரவே ரயில் டிக்கெட்டுகளை வாங்கிவிடுங்கள். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் பெரிய தொகை திடீரென வந்து விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறை எடுக்கும்போது சமையலறை உள்ளதாகப் பாருங்கள். புளிக்காய்ச்சலும் ரவையும் கொண்டு போனால் இரவுச் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். நெய், பால்கோவா எல்லாம் எடுத்துப் போக முடியாது. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருட்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. வியன்னாவில் ஞாயிறன்று பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

அப்புறம் கார்டு. சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் பல வங்கிகளில் 3.5%, அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 4.13%. அந்தக் கட்டணம் இல்லாத கார்டையோ, இரண்டு மூன்று தவணையாக யூரோ ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டையோ எடுத்துப் போங்கள். ஃபோரெக்ஸ் கார்டில் ஒருவருக்கு நிதியாண்டில் 10 லட்சம் வரை டி.சி.எஸ். (பணம் கட்டும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடித்தம் இல்லை. அதையே டூர் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும்.

2019-ல் நானும் மனைவியும் போயிருந்தபோது, ஒரு கடையில் 42 யூரோ பில்லுக்குக் கார்டு மிஷினை நீட்டினார்கள். திரையில் இரண்டு தொகை: ஒன்று யூரோ, இன்னொன்று ரூபாய். ரூபாயைப் பார்த்ததும் ஊரைப் பார்த்த மாதிரி இருந்தது, மனைவி அதைத்தான் அழுத்தப் போனார். கணக்குப் போட்டால் அன்றைய மதிப்பைவிட ஏறக்குறைய ஐந்து சதவீதம் கூடுதல். எந்த மிஷின் கேட்டாலும், ஏடிஎம் கேட்டாலும், யூரோவையே அழுத்துங்கள். சுவிட்சர்லாந்தில் மட்டும் ஃபிராங்க்.