சண்டை, வெடி, ஏலியன் ஒண்டும் இல்லாமல் சிரிச்சுக்கொண்டு பாக்கிற விண்வெளிப் படம் ஏதும் இருக்கோ?

இருக்கு. 2000ஆம் ஆண்டு வந்த அவுஸ்திரேலியப் படம், பேர் 'த டிஷ்'. ராப் சிட்ச் எடுத்தது, ஜுராசிக் பார்க்கிலை வந்த சாம் நீல்தான் இதிலை பெரியவர். விண்வெளிப் படம் எண்டு சொல்லுறன், ஆனா கதையிலை வாற ஒருத்தரும் ரொக்கற்றிலை ஏறமாட்டினம், எல்லாரும் தரையிலை நிண்டு அன்ரனா பிடிக்கிற ஆக்கள். எனக்குப் பிடிச்சதே அதுதான்.

1969 ஆடி மாசம், அப்பலோ 11 சந்திரனுக்குப் போகுது. பூமி சுத்துறபடியா அமெரிக்காவிலை இருந்து மட்டும் எந்த நேரமும் சந்திரனைப் பிடிக்கேலாது, மற்றப் பக்கத்திலையும் ஆக்கள் வேணும். நியூ சவுத் வேல்ஸிலை பார்க்ஸ் எண்ட சின்ன ரவுணுக்கு வெளியாலை, செம்மறி மேயிற வெளிக்கு நடுவிலை, 64 மீற்றர் அகலத்திலை ஒரு ரேடியோத் தொலைநோக்கி நிக்குது. நாசா அதைக் கேக்க ஊருக்கே தலைகால் தெரியேல்லை. அமெரிக்கத் தூதுவருக்கு வரவேற்பு வைக்க, ஊர் பாண்ட் அமெரிக்க தேசிய கீதம் எண்டு ஒரு ரீவி நாடகத்தின்ரை மியூசிக்கை வாசிக்கும். எங்கட ஊர் விழாவளிலை மைக் கூவுறதைக் கேட்டு வளந்த ஆக்களுக்கு அது பெரிய அதிசயமா இராது.

பிறகு கரண்ட் போகும். ஜெனரேற்றர் இருக்கு, ஆனா எண்ணெய் லைனை நிரப்பி வைக்க மறந்திட்டினம், அது நிண்டு போக கொம்பியூட்டரிலை இருந்த கணக்கும் அழிஞ்சு போய், அப்பலோ எங்கை எண்டே தெரியாமல் முழிப்பினம். அந்த நேரம் பாத்து தூதுவர் வந்து நிப்பார். அவரைச் சமாளிக்க ஒரு பொடியன் மற்ற அறையிலை இருந்து ஆம்ஸ்ட்ரோங் மாதிரிக் கதைப்பான். டீசல் லைனிலை எயார் பிடிச்ச வோட்டர் பம்மோடை விடியக்காலமை வெங்காயத் தோட்டத்திலை மல்லுக்கட்டின ஆள் நான், எனக்கு முதலிலை நெஞ்சு இடிச்சுது, சிரிப்பு பிறகுதான் வந்தது.

ஏன் இந்தப் படம் எனக்கு இவ்வளவு ஒட்டினது எண்டால், 88, 89 அளவிலை இலங்கையிலை எங்கட வீட்டிலையும் ஒரு பார்க்ஸ் இருந்தது. கொடைக்கானலிலை இருந்து தூரதர்சன் எடுக்கிறதுக்காக சித்தப்பா ரண்டு ஜீஐ பைப்பை ஒண்டோடை ஒண்டு பூட்டி, உச்சியிலை அன்ரனாவையும் பூஸ்ரரையும் போட்டு, முத்தத்துப் பூவரசோடை கட்டி வைச்சிருந்தவர். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். சோளகக் காத்து வந்தால் பைப் தன்பாட்டிலை திரும்பும். அம்மா ரீவிக்கு முன்னாலை, நான் வாசல்படியிலை, சித்தப்பா பைப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு. "இப்ப தெரியுதோ?" "புள்ளி புள்ளியா தெரியுது எண்டு அம்மா சொல்லுறா!" "இப்ப?" "நிக்குது நிக்குது, கையை எடாதேங்கோ சித்தப்பா!" கையை எடுத்தால் படம் போயிடும் எண்டபடியா அரை மணித்தியாலமும் மனுசன் அங்கையே நிப்பார். பாட்டு எல்லாம் காதாலை கேட்டதுதான், ஒண்டும் பாத்ததில்லை.

பார்க்ஸிலையும் வில்லன் காத்துத்தான், அது உண்மையா நடந்தது. திட்டத்தின்படி ஆம்ஸ்ட்ரோங் ஆக்கள் முதலிலை நித்திரை கொண்டிட்டுத்தான் இறங்கவேணும், அவையள் பொறுக்கேலாமல் நேரத்துக்கே வெளிக்கிட்டிட்டினம். பார்க்ஸிலை அப்ப சந்திரன் உதிக்கிற நேரம், டிஷ் அடிவானப் பக்கமா ஏலுமானளவு சரிஞ்சு நிக்குது, காத்து நல்லாப் பிடிக்கிற நிலை. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்திலை ரண்டு தரம் அடிச்சுது. பாதுகாப்பு வரம்பைத் தாண்டியும் பார்க்ஸ் ஆக்கள் டிஷ்ஷை நிமித்தி நிப்பாட்டேல்லை.

படத்திலை எனக்கு ஒரு கோவமும் இருக்கு. முதல் காலடி வைக்கிற படத்தை உலகத்துக்குக் குடுத்தது பார்க்ஸ் இல்லை, கன்பராவுக்குக் கிட்ட இருந்த ஹனிசக்கிள் கிறீக் நிலையம், 26 மீற்றர் அன்ரனா. கிட்டத்தட்ட ஒம்பது நிமிசத்துக்குப் பிறகுதான் பார்க்ஸின்ரை படத்துக்கு மாத்தினவை, மிச்ச ரண்டரை மணித்தியாலமும் அதுதான். கரண்ட் போய் அப்பலோவைத் துலைச்சதும் கட்டுக்கதை. கட்டுக்கதையை விடலாம், ஆனா சின்ன ஆக்களைப் பற்றிப் படம் எடுக்கேக்கை அவையளிலும் சின்ன நிலையத்தை மறைச்சது சரியில்லை.

அந்தக் காலடி விழேக்கை இஞ்சை திங்கக்கிழமை காலமை 8.26. இலங்கைக்கு ரீவி வந்ததே 1979இலை, அப்பா ஆக்கள் எல்லாம் றேடியோவிலைதான் கேட்டது. அப்பா பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போய் அடி வாங்கினவராம், காரணம் சொல்லியும் வாத்தியார் நம்பேல்லையாம்.

சித்தப்பா இப்ப கனடாவிலை. போன வருசம் இந்தப் படத்தைப் பாக்கச் சொல்லி அனுப்பினனான். முடிஞ்ச கையோடை கோல் எடுத்தார், படம் எப்பிடி எண்டு ஒரு சொல்லும் இல்லை. "அவ்வளவு பெரிய சாமானை அந்த வெட்டவெளியிலை நட்டிருக்கிறாங்கள், பக்கத்திலை ஒரு பூவரசு கூட இல்லையேடா" எண்டார்.